விளிம்பு வேலை

நேம் போர்டு கடையில் தொழில் படித்தவனுக்கு அக்ரிலிக் என்றால் முதலில் எழுத்துதான். மதுரையில் நான் வேலைக்குச் சேர்ந்த கடையில் அப்போது லேசர் எந்திரம் கிடையாது. எழுத்தைத் தாளில் வரைந்து ஷீட்டின் மேல் ஒட்டி, நேர்க்கோடுகளை ஜிக்சாவிலும் சுழிகளைக் கை ரம்பத்திலும் அறுப்போம். அறுத்த விளிம்பு வெள்ளையாக மங்கி, சொரசொரப்பாக நிற்கும். அதைத் தேய்த்துத் தெளிய வைப்பது புதிதாகச் சேர்ந்த பையனின் வேலை. இருபதடி உயரத்தில் மாட்டப்போகிற ஜவுளிக்கடை எழுத்தின் விளிம்பை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆனால் உள்ளே விளக்கு எரியும்போது தேய்க்காத விளிம்பு அழுக்காகத் தெரியும் என்பது முதலாளிக்குத் தெரியும். அந்தக் கடையில் கற்றுக்கொண்டவற்றில் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது அந்த ஒரு வேலைதான்.

கம்மல் செய்யலாம் என்பது என் அக்காவின் யோசனை. எழுத்து அறுக்கும்போது அகரத்தின் சுழிக்குள்ளிருந்தும் வகரத்தின் வயிற்றுக்குள்ளிருந்தும் சின்னத் துண்டுகள் விழும். சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று ஒரு டப்பா நிறைய வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அக்கா அதைத் தரையில் கொட்டி ஜோடி சேர்த்துவிட்டாள். "டேய், ரெண்டு ரெண்டா ஒண்ணுபோல இருக்குடா. நீ ஓட்டை மட்டும் போட்டுக் குடு, கொக்கி நான் மாட்டிக்கிறேன்" என்றாள். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் புடவை நிறத்தைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். தங்கத்தில் அது நடக்காது. மயில்கழுத்து நிறப் புடவைக்கு மயில்கழுத்து நிறத்திலேயே தோடு வேண்டுமென்றால் அக்ரிலிக்கிடம்தான் வர வேண்டும்.

ஓட்டை போடுவது பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களின் துண்டுகள் பாதி அங்கேதான் உடைகின்றன. இரும்புக்கென்று விற்கும் டிரில் பிட்டின் வெட்டும் முனை அக்ரிலிக்குக் கூர் அதிகம். பாதி தூரம் நல்லபடியாக இறங்கும். மறுபக்கம் வெளியே வரப்போகிற நேரத்தில் ஷீட்டைக் கவ்வி இழுத்துச் சில்லாகப் பெயர்த்துவிடும். பிட்டின் முனையைச் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்துக் கூரைக் குறைத்துவிட வேண்டும். அப்போது அது கவ்வாமல் சுரண்டிக்கொண்டு போகும். அடியில் ஒரு மரத்துண்டு, மேலே சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, கடைசி அரை மில்லிமீட்டரில் கையை நன்றாகத் தளர்த்திக்கொள்வது, இவ்வளவுதான் விஷயம். ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே ஷீட்டின் கனம் அளவுக்காவது இடம் விட வேண்டும். மூன்று மில்லிமீட்டர் ஷீட் என்றால் குறைந்தது மூன்று மில்லிமீட்டர். கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று ஓட்டையை நுனிக்குத் தள்ளினால், கொக்கி ஆடி ஆடி ஒருநாள் அந்த நுனியே போய்விடும்.

"வெறும் பிளாஸ்டிக்தானே" என்று சொல்லிவிட்டுக் கம்மலைத் திரும்ப வைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் நீளம். அக்ரிலிக்கின் முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரத்தில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933-ல் இதற்குப் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரைப் பதிவு செய்தது. அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனம் பெர்ஸ்பெக்ஸ் என்றும், அமெரிக்காவில் டூபாண்ட் லூசைட் என்றும் விற்றன. கண்ணாடியின் பாதி எடைகூட இல்லாமல், விழுகிற வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடுகிற பொருள். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போன்ற விமானங்களில் விமானியின் தலைக்கு மேல் மூடும் கூண்டு இதில்தான் செய்யப்பட்டது. நொறுங்கிய விமானங்களிலிருந்து கிடைத்த துண்டுகளைப் படைவீரர்கள் அரத்தால் ராவி, எமரித் தாளில் தேய்த்து, இதய வடிவப் பதக்கமாகவும் சிலுவையாகவும் மோதிரமாகவும் ஆக்கி ஊரில் காத்திருந்த பெண்களுக்கு அனுப்பினார்கள். நேம் போர்டு கடைத் துண்டில் கம்மல் செய்த எனக்கு அவர்கள் முன்னோர்.

போர் நடந்த 1940-களிலேயே அமெரிக்காவில் டிரிஃபாரி நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் ஃபிலிப் வடிவமைத்த விலங்கு உருவ புரோச்சுகளின் வயிற்றில் தெளிந்த லூசைட் குமிழ் வைத்திருந்தார்கள். 'ஜெல்லி பெல்லி' என்று பெயர். இன்றும் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1970-களில் கிளாஸ் பூரி, ஃப்ரிட்ஸ் மயர்ஹோஃபர் போன்றவர்கள், தங்கவேலை முறையாகப் படித்தவர்கள், பொன்னையும் அக்ரிலிக்கையும் ஒரே நகையில் சேர்த்தார்கள். தங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார இதற்குத் தகுதி உண்டு என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. போரில் காயம்பட்ட விமானிகளின் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் சில்லு தங்கியிருந்தும் கண் அதைப் பகைக்காமல் இருந்ததைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹாரல்ட் ரிட்லி, 1949 நவம்பரில் அதே பொருளில் செய்த லென்ஸைக் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். உலகத்தில் அதுதான் முதல் தடவை. பிற்பாடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் தொடங்கப்பட்டு, அந்த லென்ஸை ஏழைகளுக்கும் எட்டுகிற விலைக்குக் கொண்டுவந்தது. இங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களில் எத்தனையோ தாத்தா பாட்டிகள் இதே குடும்பத்துப் பொருள் வழியாகத்தான் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். பல் செட்டின் ரோஸ் நிற ஈறும் இதே வகைதான். கடையில் நான் வாங்கும் ஷீட் மருத்துவத் தரம் அல்ல. அந்தத் தூய்மை வேறு. ஆனாலும் மட்டமான சரக்கு என்று இதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வராது. கம்மல் போட்டுக் காது அரித்தால் பெரும்பாலும் குற்றவாளி அக்ரிலிக் இல்லை, கொக்கியில் இருக்கும் நிக்கல். சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கும் 316எல் எஃகிலும் நிக்கல் உண்டு என்றாலும் அது எளிதில் வெளியே கசியாது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் கொக்கி போட்டுக் கொடுக்கிறேன்.

ஷீட் வாங்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே திரவமாக ஊற்றி உறைய வைப்பது காஸ்ட் ஷீட். எந்திரத்தில் உருக்கிப் பிதுக்கித் தள்ளுவது எக்ஸ்ட்ரூடட். இரண்டாவது விலை குறைவு, கனமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். ஆனால் சூடு பட்டதும் இளகும். ஓட்டை போடும்போது பிட்டில் சுற்றிக்கொள்ளும். தேய்க்கும்போது எமரித் தாளை அடைக்கும். லேசரில் மேலாகக் கோலம் பொறித்தால் காஸ்ட் ஷீட்டில் பளிச்சென்று வெள்ளையாக விழும், எக்ஸ்ட்ரூடடில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நகைக்கு நான் காஸ்ட் ஷீட் தவிர வேறு தொடுவதில்லை. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. மூன்று மில்லிமீட்டர் என்று விற்கிற காஸ்ட் ஷீட் ஒரு மூலையில் கொஞ்சம் மெலிந்தும் இன்னொரு மூலையில் கொஞ்சம் பருத்தும் இருக்கும். காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகும் வேலைக்கு, வெட்டுவதற்கு முன்னால் வெர்னியர் வைத்து அளந்துகொள்ள வேண்டும்.

மேலே ஒட்டியிருக்கும் பேப்பரை உரித்த துண்டு சரக்குகளை யாராவது மலிவாகத் தருகிறார்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் பி.வி.சி. கலந்திருக்கலாம். பார்வைக்கு அக்ரிலிக் மாதிரியே தெரிந்தாலும், லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். மூச்சுக்குழாய்க்கும் கேடு, எந்திரத்துக்கும் கேடு. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு செம்புக் கம்பியைத் தீயில் காட்டி, நிறம் ஏதும் வராத வரைக்கும் எரியவிட வேண்டும். சூடான கம்பியைச் சந்தேகப்பட்ட துண்டில் தொட்டு எடுத்து மறுபடி தீயில் காட்ட வேண்டும். பச்சைச் சுடர் வந்தால் அதில் குளோரின் இருக்கிறது. அந்தத் துண்டு லேசர் பக்கமே போகக் கூடாது. அக்ரிலிக் என்றால் பச்சை வராது.

லேசர் எங்கள் ஊருக்கு வந்த பிறகு வேலையின் வேகம் மாறியது. கோரல் டிராவில் வரைந்து பென் டிரைவில் கொண்டுபோனால், நிமிஷக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு வெட்டித் தருகிறார்கள். இந்த எந்திரத்தின் சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற அக்ரிலிக் அந்தக் கதிருக்கு ஒரு சுவர். முழுக்க உறிஞ்சிக்கொண்டு, பட்ட இடம் அப்படியே ஆவியாகிவிடும். வீட்டில் வைத்துக்கொள்கிற சின்ன நீல லேசர் எந்திரங்களை வாங்கிவிட்டுத் தெளிந்த ஷீட் வெட்டவில்லையே என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். நீல ஒளி அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது. கதிர் போகிற தடமே ஒரு பத்தில் இரண்டு பங்கு மில்லிமீட்டரைத் தின்றுவிடும் என்பதால், செருகும் பாகங்களுக்கு அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் வரைய வேண்டும்.

வெட்டும் பையனிடம் நான் கெஞ்சிக் கேட்பது இரண்டு. காற்றை மெதுவாக விடு, எந்திரத்தை விட்டுப் போகாதே. குழாயிலிருந்து காற்று பலமாக அடித்தால் விளிம்பு மங்கிவிடும். மெதுவாக விட்டால் கண்ணாடியாகத் தெளியும். ஆனால் மெதுவாக விடும்போது தீப்பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அக்ரிலிக் ஆவி எரியக்கூடியது. பிடித்துக்கொண்டால் அமைதியாக, புகையே அதிகமில்லாமல் எரியும். டீ குடிக்கப் போய்வரும் நேரத்தில் எந்திரமே போய்விடும்.

லேசரில் வெட்டிய துண்டு கைக்கு வந்ததும் நகை ஆகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பேப்பரை உரித்து, வளையம் மாட்டி, அட்டையில் குத்தி விற்றுவிடுகிறார்கள். என் வேலை அங்கேதான் தொடங்குகிறது. துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். விளிம்பு பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் அதில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும். கதிர் தொடங்கி முடிந்த இடத்தில் ஒரு சின்ன மேடு நிற்கும். மேல் தளமும் விளிம்பும் சந்திக்கும் கோடு கத்தியாக இருக்கும். கழுத்தில் அந்தக் கோடு நாள் முழுக்க உரசினால் தோல் சிவந்துவிடும்.

முதலில் ஹாக்சா பிளேடின் முதுகுப் பக்கத்தால் அந்தக் கூர்க்கோட்டைச் சீவ வேண்டும். பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தால் நூலாகச் சுருள் வரும். துகளாக வந்தால் சாய்வு சரியில்லை. பிறகு வாட்டர் பேப்பர். 400-ல் ஆரம்பித்து 800, 1200, 2000 வரை, தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றுக்கும் திசையை மாற்றி. முந்தைய தாளின் கோடுகள் முழுதாக மறையும் வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. அவசரப்பட்டு 400-லிருந்து 1200-க்குத் தாவினால், பாலிஷ் போட்ட பிறகு பழைய கோடெல்லாம் எழுந்து நிற்கும். கடைசியில் துணிச் சக்கரத்தில் பாலிஷ். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி இளகிவிடும் என்பதால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். தெற்காவணி மூல வீதிப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பத்தர்தான் இந்தப் பக்குவத்தை எனக்குக் காட்டினார். "தம்பி, கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டு. எங்க விரல் நிக்குதோ அங்க வேலை பாக்கி" என்பார். பொன்னுக்கு அவர் சொன்னது அக்ரிலிக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

காரணம் இருக்கிறது. அக்ரிலிக்குக்குள் நுழைகிற வெளிச்சம் சாய்வாகப் போய்த் தளத்தில் பட்டால் வெளியேற முடியாமல் உள்ளுக்குள்ளேயே பட்டுப் பட்டு ஓடி, கடைசியில் விளிம்பில் வந்து கொட்டும். 'ரேடியம் கலர்' என்று நம் ஊரில் சொல்கிற ஷீட்டில் இது நன்றாகத் தெரியும். அதன் சாயம் வெளிச்சத்தை வாங்கி வேறு நிறமாக உள்ளுக்குள் உமிழ்வதால், முகம் வெளிறியும் ஓரம் எரிகிறதாகவும் இருக்கும். கல் வைத்த நகையில் கல் செய்கிற வேலையை இந்த நகையில் ஓரம் செய்கிறது. சீராகத் தேய்த்த ஓரத்திலிருந்து வெளிச்சம் ஒரே கோடாக வரும். மேடு பள்ளமான ஓரத்தில் சிதறி அணைந்துவிடும். ரேடியம் கலரை வெயிலில் காயவிடக் கூடாது என்பதும் வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கல்லூரி மாணவி, வேறு ஒருவர் செய்த கம்மலை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, கீழகூடப் போடலை, பாருங்க" என்றாள். ஓரத்திலிருந்து உள்நோக்கி மயிரிழை விரிசல்கள், வரிசையாக. விழுந்த விரிசல் இல்லை அது. லேசரின் சூட்டில் விளிம்பு இளகி, உடனே ஆறும்போது உள்ளே ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. அந்த நிலையில் ஸ்பிரிட்டோ சென்ட்டோ பட்டால், ஆல்கஹால் அந்த இழுவைப் பயன்படுத்திக்கொண்டு பிளக்கும். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கம்மல் போட்டுக்கொண்டு காதோரம் சென்ட் அடிக்காதவர்கள் யார்? இதற்கு மருந்து பதப்படுத்துவதுதான். துண்டுகளை 80 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் தானாக ஆறவிட வேண்டும். அதற்கென்று தனி அடுப்பு வேண்டும். சாப்பாடு செய்கிற அடுப்பில் கூடாது. இந்த ஒரு படி விலையில் தெரியாது, படத்தில் தெரியாது. அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு ஜோடியும் வெளியே அனுப்புவதில்லை.

அதே அடுப்பைச் சூடேற்றி 150, 160 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஷீட் தொய்ந்து, சொன்னபடி வளையும். வளையல் அப்படித்தான் செய்கிறேன். 2.6 அளவு வளையலின் உள் விட்டம் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். பட்டையின் நீளத்தைக் கணக்கிடும்போது விட்டத்தோடு ஷீட்டின் கனத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மில்லிமீட்டர் ஷீட்டுக்கு 198 மில்லிமீட்டர் வரும். பருத்திக் கையுறை போட்டு, மர உருளையில் சுற்றி, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். இந்தப் பொருள் தன் பழைய வடிவத்தை மறப்பதில்லை. பிடிக்காத வளையலைத் திரும்ப அடுப்பில் வைத்தால், மெல்லத் தானே பிரிந்து நேர்ப் பட்டையாகப் படுத்துவிடும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு சென்டிமீட்டர் சதுரம், மூன்று மில்லிமீட்டர் கனம். இந்தத் துண்டு அக்ரிலிக்கில் ஆறு கிராம்கூட வராது. வெள்ளியில் 50 கிராம். 22 காரட் தங்கத்தில் 85 கிராம், பத்தரைப் பவுன். தங்கத்தில் காது தாங்காத அளவுகளை இதில் தாராளமாகச் செய்யலாம் என்று தோன்றியபோது எனக்கு நினைவு வந்தது பாம்படமும் தண்டட்டியும்தான். எங்கள் தென்மாவட்டத்துக் கிழவிகளின் வளர்த்த காதில் தொங்கியவை. கட்டமும் உருண்டையும் கூம்புமாக, பொன் தகட்டுக்குள் அரக்கு நிரப்பிச் செய்த அந்த வடிவங்களுக்கு ஈடாக நவீன டிசைன் எதையும் நான் பார்த்ததில்லை. இன்றைய பெண்கள் காது வளர்ப்பதில்லை. ஆனால் அந்த வடிவம் ஏன் போக வேண்டும்?

பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து, லேசரில் வெட்டி, உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா முறையாகும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "எம்புட்டுடா கனம் இது? ஒண்ணுமே இல்லையே."

"தங்கம் இல்ல அப்பத்தா. அக்ரிலிக்கு."

"ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா?"

முடியாது என்றேன். அவருடைய தண்டட்டி கிணற்று மோட்டாருக்கு ஒரு தடவை, மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று அடகுக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. அவருக்கு நகை என்பது காதில் தொங்கும் சேமிப்பு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அக்ரிலிக் நகை செய்கிற எவரும் அந்த இடத்தைத் தங்கத்திடமிருந்து பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம். ஆனால் அப்பத்தா அடுத்துச் சொன்னது என் வேலையையே மாற்றியது. "குண்டு எங்கடா? தட்டையா கோலம் போட்டாப்புல வெட்டி வச்சிருக்க. தண்டட்டின்னா சுத்திப் பாக்கணும்."

லேசர் பழக்கிவிடுகிற சோம்பல் அது. அந்த எந்திரத்துக்குத் தட்டையான உருவம்தான் தெரியும். அதோடு பழகப் பழக நமக்கும் அதுவே போதும் என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு நான் மூன்று நான்கு ஷீட்டுகளை அடுக்கி ஒட்டி, கட்டியாக்கி, கையால் ராவி உருண்டை பிடிக்க ஆரம்பித்தேன். ஒட்டுவதற்கு ஃபேவி குயிக் உதவாது. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். நேம் போர்டுக் கடைகளில் குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள். சிரிஞ்சு ஊசி முனையை இரண்டு ஷீட்டுகளின் இடுக்கில் வைத்தால், திரவம் தானாக உள்ளே ஓடி இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். நடுவில் காற்றுக் குமிழ் தங்கினால் அந்தக் கட்டி வீண். குளோரோஃபார்ம் ஈரலைக் கெடுக்கும் சரக்கு. மூடிய அறையில், குழந்தைகள் இருக்கிற வீட்டில், தயவுசெய்து வேண்டாம். நான் மாடியில், காற்றோட்டத்தில் வைத்து, கையுறையோடுதான் செய்கிறேன். ஒட்டிய கட்டி ஒருநாள் முழுக்க இறுக வேண்டும். வெவ்வேறு நிற ஷீட்டுகளை அடுக்கியிருந்தால், உருண்டையாக ராவ ராவ ஒவ்வொரு நிறமும் வளையம் வளையமாக வெளியே வரும். அரக்குச் சிவப்பும் தேன் நிறமும் தெளிந்த ஷீட்டும் அடுக்கிய ஜோடிதான் எனக்குப் பிடித்தது. அவ்வளவு பெரிய உருவமும் ஒரு காதுக்குப் பத்து கிராமுக்குள் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனால் எடுத்துத் துளை போட்டு எடையைக் குறைக்கிறேன்.

தங்க மிரர் ஷீட்டில் இதையே செய்து தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். செய்வதில்லை. பின்புறம் பூசிய உலோகப் பூச்சு வியர்வையில் ஓரத்திலிருந்து உரியும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது இந்தப் பொருளை அவமதிப்பது. தங்கமாக நடிக்கிற அக்ரிலிக் எப்போதும் மலிவாகத்தான் தெரியும். தன் நிறத்தோடும் தன் வெளிச்சத்தோடும் இருக்கிற அக்ரிலிக்குக்கு யாருடனும் போட்டி இல்லை. வடிவத்தை முன்னோர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், பொன்னின் வேஷத்தை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எந்திரம் வெட்டியதைக் கைவேலை என்று சொல்லலாமா என்று கண்காட்சிகளில் கேட்பார்கள். என் அட்டையில் 'லேசரில் வெட்டி, கையால் முடித்தது' என்று அச்சடித்திருக்கிறேன். உருண்டை பிடித்த ஜோடிகளுக்கு 'கையால் ராவியது' என்று தனி அட்டை. வாங்குகிறவர் எதற்குக் காசு தருகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். தங்கக்கடையில் உலோகத்தின் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம் என்று போடுவார்கள். இங்கே ஷீட்டின் விலை சொற்பம். பில்லில் கிட்டத்தட்ட முழுவதும் செய்கூலிதான். ஆகவே செய்கூலி வாங்குகிற அளவுக்கு வேலை நடந்திருக்க வேண்டும். பேப்பரை உரித்து வளையம் மாட்டியதற்கு அந்த விலை கேட்பது நியாயமில்லை.

அக்ரிலிக் நகை வாங்கும்போது முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எடுத்து ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நகம் எங்கேயாவது மாட்டுகிறதா என்று பாருங்கள். ஓட்டை ஓரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, கொக்கி என்ன உலோகம், துண்டுகளை அடுப்பில் வைத்துப் பதப்படுத்தினார்களா என்று கேளுங்கள். செய்தவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். சென்ட் அடித்து அது உலர்ந்த பிறகு கம்மல் போடுங்கள். அழுக்கானால் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்; ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். கீறல் விழுந்தாலோ நுனி உடைந்தாலோ குப்பையில் போட்டுவிடாதீர்கள். செய்தவரிடமே கொண்டு போங்கள். கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். உடைந்த இடத்தை ராவி, வேறு இடத்தில் துளை போட்டு, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். அதற்கு நான் கூலி வாங்குவதில்லை.